பாடசாலை இடும் புள்ளியும் வகுப்பில் பிடிக்கும் இடமும்: இறுதிப் பெறுபேற்றில் எமது பிள்ளைகளுக்கு இலாபமா, நட்டமா?

2026 ஜனவரியில் நாடு முழுவதும் ஓர் இணையத்தள முகவரியைப் பற்றிப் பேசியது. தரம் 6 ஆங்கிலத் தொகுதியில் இடம்பெறக் கூடாத முகவரி ஒன்று இடம்பெற்றதால் கிளம்பிய சர்ச்சை, அந்த வகுப்புக்கான மறுசீரமைப்பையே 2027 இற்குத் தள்ளிவைத்தது. தரம் 1 மாத்திரம் ஆரம்பமானது. யார் பொறுப்பு, யார் பதவி விலக வேண்டும் என்ற வாதப் பிரதிவாதங்களுக்கு இடையில், பெற்றோர் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வி கேட்கப்படாமலேயே போய்விட்டது. பாடசாலையில் ஆசிரியர் இடும் புள்ளி, பிள்ளையின் இறுதிப் பெறுபேற்றில் எவ்வளவு சேரப்போகிறது? எந்தக் கணக்கின்படி சேரப்போகிறது?

மறுசீரமைப்பு எந்தத் திசையில் செல்கிறது என்பதில் மர்மம் ஏதுமில்லை. தொகுதி முறை, தொடர் கணிப்பீடு, பரீட்சைச் சுமையைக் குறைத்தல் ஆகியவற்றையே பிரதமரும் கல்வியமைச்சருமான ஹரிணி அமரசூரிய 2025 நடுப்பகுதியிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறார். தொடர் கணிப்பீடு என்றால் அதைச் செய்வது பரீட்சைத் திணைக்களம் அல்ல. வகுப்பாசிரியரும் பாட ஆசிரியரும். அதாவது, இதுவரை பத்தரமுல்லையில் இருந்த அதிகாரத்தின் ஒரு துண்டு எமது ஊர் வித்தியாலயத்தின் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்துசேரப் போகிறது. இது நல்லதா, கெட்டதா என்பது, அந்தப் புள்ளியை எப்படிக் கணக்கில் எடுக்கிறார்கள் என்பதில்தான் தங்கியிருக்கிறது.

பாடசாலை மட்டக் கணிப்பீடு எமக்குப் புதிய விடயமல்ல. 1990களின் இறுதியில் நடந்த கல்விச் சீர்திருத்தத்தோடு அது பாடசாலைகளுக்குள் நுழைந்தது. ஒப்படை, செயற்திட்டம், குழுச் செயற்பாடு என்று ஆசிரியர்கள் புள்ளிப் பதிவேடுகளை நிரப்பினார்கள். ஆனால் அந்தப் புள்ளி க.பொ.த. சாதாரண தரத்தில் ஒரு பிள்ளை ஏ எடுக்கிறதா, சி எடுக்கிறதா என்பதைத் தீர்மானிக்கவில்லை. தீர்மானிக்காத புள்ளியை யார்தான் பொருட்படுத்துவார்கள்? தவணை முடிவில் ஒரே இருப்பில் பதிவேடு முழுவதையும் நிரப்பி முடித்த கதைகள் ஆசிரியர் சமூகத்துக்குள் தாராளமாகவே உண்டு. அதை ஆசிரியர்களின் சோம்பல் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நாற்பது பிள்ளைகள், ஆறேழு வகுப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தவணைக்குப் பல கணிப்பீடுகள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், கற்பிக்க நேரம் எங்கே மிஞ்சும்?

இப்போது அதே புள்ளி இறுதிப் பெறுபேற்றில் சேரும் என்று வைத்துக்கொள்வோம். அதைச் சேர்ப்பதற்கு உலகில் நடைமுறையில் இருந்த வழிகள் பெரும்பாலும் மூன்று. மூன்றையும் எமது பாடசாலைகளின் நிலைமைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

முதலாவது, மிக எளிதானது. ஆசிரியர் இட்ட புள்ளியை அப்படியே கூட்டிவிடுவது. இறுதிப் புள்ளியில் 30 வீதம் பாடசாலை, 70 வீதம் பரீட்சை என்று கொள்வோம். இரண்டு பாடசாலைகளில் இரண்டு பிள்ளைகள். இருவரும் பரீட்சையில் 60 எடுக்கிறார்கள். ஒரு பாடசாலையில் ஆசிரியர் நேர்மையாக 65 இடுகிறார். மற்றப் பாடசாலையில் "எங்கள் பிள்ளைகள்தானே" என்று எல்லோருக்கும் 95. முதல் பிள்ளையின் இறுதிப் புள்ளி 61.5; அதற்கு சி. இரண்டாவது பிள்ளையின் இறுதிப் புள்ளி 70.5, அதற்கு பி. பரீட்சை மண்டபத்தில் இருவருக்கும் இடையில் ஒரு புள்ளி வித்தியாசம்கூட இல்லை. வித்தியாசம் ஆசிரியரின் தாராளத்தில் மட்டுமே இருந்தது. நேர்மையான ஆசிரியரிடம் படித்த பிள்ளைக்கு ஒன்பது புள்ளிகள் தண்டனை. இப்படி ஒரு வருடம் நடந்தால், அடுத்த வருடம் நேர்மையான ஆசிரியரும் 95 இடத் தொடங்குவார். இடாவிட்டால் பெற்றோர் அதிபரின் அறைக்கு வந்துவிடுவார்கள்.

இது வெறும் ஊகமல்ல. பிரித்தானியாவில் கொவிட் காரணமாக 2021 இல் உயர்தரப் பரீட்சை நடக்கவில்லை. ஆசிரியர்கள் தீர்மானித்த தரங்களே பெறுபேறாகின. 2019 இல் ஏ மற்றும் ஏ ஸ்டார் பெற்ற பெறுபேறுகள் 25.4 வீதம். 2021 இல் அது 44.8 வீதம். இரண்டு வருடத்தில், அதுவும் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்த காலத்தில், பிள்ளைகளின் அறிவு அவ்வளவு கூடிவிட்டது என்று எவரும் நம்பவில்லை.

இரண்டாவது வழி, பாடசாலையின் பழைய வரலாற்றைப் பார்த்துப் புள்ளியைத் திருத்துவது. இதன் விளைவை உலகம் 2020 ஓகஸ்டில் பார்த்தது. இங்கிலாந்தின் பரீட்சை ஒழுங்குபடுத்தும் நிறுவனமான ஒஃப்குவல், ஆசிரியர்களிடம் இரண்டு விடயங்களைக் கேட்டது. ஒன்று, ஒவ்வொரு மாணவருக்கும் என்ன தரம் கிடைத்திருக்கும் என்ற மதிப்பீடு. மற்றது, அந்தப் பாடத்தில் மாணவர்களை முதலாவது முதல் கடைசி வரை வரிசைப்படுத்திய பட்டியல். பிறகு நடந்தது என்னவென்றால், பெரிய வகுப்புகளில் ஆசிரியர் தந்த தரத்தைக் கணினி ஒதுக்கி வைத்துவிட்டு, வரிசையை மாத்திரம் எடுத்துக்கொண்டது. அந்தப் பாடசாலை முந்திய மூன்று வருடங்களில் என்ன பெறுபேறு எடுத்தது என்பதைப் பிரதானமாக வைத்து, இந்த வருடம் இந்தப் பாடசாலைக்கு இத்தனை ஏ, இத்தனை பி என்று ஒரு பங்கீடு தயாரானது. வரிசையில் நிற்பவர்களுக்கு மேலிருந்து கீழாக அந்தப் பங்கீடு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. ரேஷன் கடையில் அரிசி பகிர்ந்ததைப் போல.

ஆசிரியர்கள் தந்த தரங்களில் சுமார் 39 வீதம் கீழே இறக்கப்பட்டன. அதில் யாருக்கு அடி, யாருக்கு ஆதாயம் என்பதுதான் எமக்கு முக்கியம். ஐந்து பேர் அல்லது அதற்குக் குறைவானோர் ஒரு பாடத்தைச் செய்த இடங்களில் கணினிக் கணக்கு செல்லுபடியாகாது என்பதால் ஆசிரியரின் தரமே ஏற்றுக்கொள்ளப்பட்டது. சிறிய வகுப்புகள் யாரிடம் இருந்தன? பெரும்பாலும் கட்டணம் அறவிடும் தனியார் பாடசாலைகளிடம். பெரிய வகுப்புகளைக் கொண்ட சாதாரண அரச பாடசாலைகளில், முன்னர் ஒருவரும் ஏ ஸ்டார் எடுக்காத இடத்தில் இவ்வருடம் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கு முன்னால் கதவு பூட்டியிருந்தது. பெறுபேறு ஓகஸ்ட் 13 இல் வெளியானது. மாணவர்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஓகஸ்ட் 17 இல் அரசாங்கம் அந்தக் கணக்கைக் கைவிட்டு ஆசிரியர் தரங்களுக்குத் திரும்பியது. ஸ்கொட்லாந்தில் அதற்குச் சில நாட்களுக்கு முன்னரே இதே நாடகம் நடந்து முடிந்திருந்தது.

இந்த முறையை எமது ஊர்களுக்குக் கொண்டுவந்து பாருங்கள். தரம் 5 புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளையை நகரத்துப் பாடசாலைக்கு அனுப்புவதைப் பெருமையாகக் கருதுகிறோம். எஞ்சுபவர்களோடு ஊர்ப் பாடசாலை சாதாரண தரத்துக்குச் செல்கிறது. பத்து வருடமாக ஒரு 9 ஏ இல்லை. பதினோராவது வருடம், வாப்பாவுக்கு வசதியில்லாததால் வெளியூர் போக முடியாமல் ஊரிலேயே தங்கிவிட்ட ஒரு பிள்ளை அசாதாரணமாகப் படிக்கிறது. பாடசாலையின் வரலாறு அந்தப் பிள்ளையின் காலைப் பிடித்து இழுக்கும். மத்திய பரீட்சை, எத்தனை குறை இருந்தாலும், அந்தப் பிள்ளையிடம் "உன் பாடசாலையின் பெயர் என்ன?" என்று கேட்பதில்லை. சுட்டெண்ணை மட்டுமே கேட்கிறது.

வகுப்பில் எத்தனையாம் இடம்?

மூன்றாவது வழி, எனது பார்வையில், மூன்றிலும் அறிவுபூர்வமானது. அதேவேளை எமது பெற்றோருக்கு மிகக் குறைவாகப் புரிந்ததும் அதுதான். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் உயர்தரத்துக்குச் சமமான சான்றிதழில் பல வருடங்களாக நடைமுறையில் உள்ளது. சிட்னியில் எமது உறவினர்கள் பலர் வாழ்வதால், அங்குள்ள பிள்ளைகள் "எனக்கு என்ன மார்க் என்பதைவிட என்ன ரேங்க் என்பதுதான் முக்கியம்" என்று சொல்வதை நம்மில் சிலர் கேட்டிருப்போம். காரணம் இதுதான்.

அங்கே இறுதிப் புள்ளியில் பாதி பொதுப் பரீட்சை. மறு பாதி பாடசாலைக் கணிப்பீடு. ஆனால் பாடசாலை அனுப்பும் புள்ளி அப்படியே சேர்க்கப்படுவதில்லை. அந்தப் பாடசாலையின் மாணவர்கள் அந்தப் பாடத்தில் பொதுப் பரீட்சையில் என்ன எடுத்தார்கள் என்று பார்க்கிறார்கள். பாடசாலைப் புள்ளிகளின் சராசரியை, அதே மாணவர்களின் பரீட்சைச் சராசரிக்கு இழுத்து வருகிறார்கள். பாடசாலையில் முதலாவது வந்தவரின் கணிப்பீட்டுப் புள்ளி, அந்தப் பாடசாலையில் பரீட்சையில் எவர் எடுத்தாலும் சரி, அதி கூடிய புள்ளிக்குச் சமமாக்கப்படுகிறது. கடைசியில் நிற்பவருக்கும் முடிந்தவரை அதேபோல. நடுவில் உள்ளவர்களின் வரிசையும் அவர்களுக்கிடையிலான இடைவெளியின் அளவும் பாடசாலை சொன்னபடியே காக்கப்படுகின்றன.

ஆக, ஆசிரியர் எல்லோருக்கும் 95 இட்டாலும் பயனில்லை. பரீட்சை அதை இறக்கிவிடும். கஞ்சத்தனமாக 50 இட்டாலும் பாதகமில்லை. பரீட்சை அதை ஏற்றிவிடும். தாராளமும் கஞ்சத்தனமும் இரண்டும் செல்லாக்காசு ஆகின்றன. ஆனால் ஒன்று மட்டும் திருத்தப்படாமல் அப்படியே நிற்கிறது. யார் முதலாவது, யார் இரண்டாவது என்ற வரிசை.

ஒரு சிறு கணக்கு. மூன்றே பிள்ளைகள் உள்ள வகுப்பு என்று வைப்போம். பாடசாலைப் புள்ளி 90, 80, 70. பரீட்சையில் பாடசாலையின் முதலாம் பிள்ளை 60 எடுக்கிறது. இரண்டாம் பிள்ளை 78. மூன்றாம் பிள்ளை 42. திருத்திய கணிப்பீட்டுப் புள்ளி எப்படி வரும்? முதலாம் பிள்ளைக்கு 78, இரண்டாம் பிள்ளைக்கு 60, மூன்றாம் பிள்ளைக்கு 42. இப்போது பாதிக்குப் பாதி சேர்த்தால் முதலாம் பிள்ளைக்கு 69, இரண்டாம் பிள்ளைக்கும் 69. பரீட்சையில் 78 எடுத்து, எமது அளவுகோலில் ஏ பெற்றிருக்க வேண்டிய பிள்ளை ஒன்பது புள்ளிகளை இழந்து பி உடன் நிற்கிறது. சி எடுத்திருக்க வேண்டிய பிள்ளை அந்த ஒன்பதைப் பெற்று அதே பி உடன் நிற்கிறது. வருடம் முழுவதும் உழைத்து முதலாவது வந்த பிள்ளை பரீட்சை நாளில் காய்ச்சலோடு எழுதியது என்றால், இந்தக் கணக்கு நீதியானது. இந்த முறை அதற்காகவே உருவாக்கப்பட்டது. ஆனால் அந்த முதலாம் இடம் உழைப்பால் வராமல் வேறு வழியால் வந்திருந்தால்?

இங்கேதான் எமது ஊர்களின் யதார்த்தம் குறுக்கே வருகிறது. சிறிய ஊர். ஆசிரியர் ஒருவருக்கு வகுப்பில் உள்ள பிள்ளைகளில் பாதிப்பேர் சொந்தம். சாச்சாவின் மகள், மச்சானின் மகன், பள்ளிவாசல் தலைவரின் பேரப்பிள்ளை, பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் மகள். அதே ஆசிரியர் மாலையில் பிரத்தியேக வகுப்பும் நடத்துகிறார். தனது பாடசாலைப் பிள்ளைகளுக்கே பணத்துக்கு வகுப்பு எடுப்பதைத் தடுக்கும் அறிவுறுத்தல்கள் சில மாகாணங்களில் வந்தன. நடைமுறை எப்படி என்பதை வாசகர்கள் அறிவார்கள். தவணைப் பரீட்சைக்கு முந்திய இரவு அந்த வகுப்பில் "இதை நல்லாப் பாருங்கோ" என்று சொல்லப்படும் கேள்வி மறுநாள் வினாத்தாளில் வந்தால், வகுப்புக்குப் போகாத பிள்ளை இரண்டாம் இடத்துக்கு இறங்குகிறது. இன்று அதனால் அந்தப் பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் ஒரு கிண்ணம் குறைகிறது. நாளை இறுதிப் பெறுபேற்றில் ஒரு தரம் குறையும்.

வகுப்பு நிலையை நாம் ஏற்கனவே அளவுக்கு மீறிக் கொண்டாடுகிறோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். தேர்ச்சி அறிக்கை வீட்டுக்கு வந்தால் முதலில் தேடுவது மொத்தப் புள்ளியை அல்ல, "எத்தனையாம் பிள்ளை?" என்பதை. அரைப் புள்ளியால் மூன்றாம் இடத்துக்குப் போன பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் முகச்சுழிப்பு வேறு. ஆனால் நிலை என்பது பக்கத்தில் யார் இருக்கிறார் என்பதைப் பொறுத்த அளவு. கொழும்பிலோ கண்டியிலோ பெரிய பாடசாலையில் இருபதாம் பிள்ளை, ஊர்ப் பாடசாலையில் முதலாம் பிள்ளையைவிடக் கூடுதலாகத் தெரிந்து வைத்திருக்கலாம், எதிர்மாறாகவும் இருக்கலாம். நிலை மட்டும் அதைச் சொல்லாது. நியூ சவுத் வேல்ஸ் முறை இந்தக் குறையை, நிலையைப் பொதுப் பரீட்சையோடு கட்டிப்போட்டுச் சமாளிக்கிறது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வகுப்பின் பரீட்சைச் சராசரி விழுந்தால், நடுவில் நிற்கும் பிள்ளைகளின் கணிப்பீட்டுப் புள்ளியும் சேர்ந்து கீழே வரும். பக்கத்து மேசைப் பிள்ளை படிக்காமல் இருப்பது இனி உங்கள் பிள்ளையின் பிரச்சினையும் ஆகும். ஊரில் இருந்து கெட்டிக்காரப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக வெளியே அனுப்பும் எமது பழக்கத்துக்கு இதன் பொருள் என்னவென்று யோசிக்க வேண்டும்.

நம்பிக்கையின் வரலாறு

இந்த நாட்டில் புள்ளி என்பது வெறும் கல்வி விடயமாக ஒருபோதும் இருந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில், தமிழ் மொழிமூல விடைத்தாள்களுக்குத் திருத்துநர்கள் கூடுதலாகப் புள்ளி இட்டார்கள் என்ற, நிறுவப்படாத ஒரு சந்தேகம் கிளம்பியது. தொடர்ந்து வந்தது தரப்படுத்தல். 1971 இல் மருத்துவத் துறைக்கு நுழைய தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 புள்ளி தேவைப்பட்டபோது சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 போதுமாக இருந்தது. பொறியியலுக்கு 250 உம் 227 உம். தமிழில் எழுதிய முஸ்லிம் பிள்ளைகளும் அதே 250 இன் கீழேதான் நின்றார்கள் என்பது இன்று பலருக்கு நினைவில்லை. பின்னர் மாவட்ட அடிப்படை வந்தது. இன்று திறமை 40 வீதம், மாவட்டம் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்கள் 5 வீதம் என்று நிற்கிறது. அம்பாறை, மன்னார், புத்தளம், திருகோணமலை போன்ற மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அது திறந்த வாசலை மறுக்க முடியாது. 2011 உயர்தரத்தில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் எழுதியவர்களை ஒன்றாகப் போட்டு இஸட் புள்ளி கணித்ததால் விடயம் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2012 இல் வெவ்வேறாகக் கணிக்குமாறு தீர்ப்பு வந்தது.

இத்தனை சர்ச்சைக்குப் பின்னரும் மத்திய பரீட்சை மீது மக்களுக்கு ஒரு நம்பிக்கை எஞ்சியிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் விடைத்தாளில் பெயர் இல்லை என்பதே. கொவிட் காலத்தில் உலகின் பல நாடுகள் பரீட்சையை இரத்துச் செய்தபோது, இலங்கை அதைத் தள்ளித் தள்ளியேனும் நடத்தியது. 2020 சாதாரண தரம் 2021 மார்ச்சில் நடந்தது. 2021 உயர்தரம் 2022 பெப்ரவரியில் நடந்தது. பிள்ளைகளுக்கு அது பெரும் சுமைதான். ஆனால் பாடசாலைப் புள்ளியை வைத்துப் பெறுபேறு கொடுத்திருந்தால் இந்த நாடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதுவும் 2019 இற்குப் பின்னர், ஒரு முஸ்லிம் பிள்ளையின் புள்ளி அதன் பெயரைத் தெரிந்தவரின் கையில் இருந்திருந்தால். பெரும்பான்மையான ஆசிரியர்கள் நேர்மையாகவே நடந்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் சந்தேகம் எழுந்த பின் அதைத் தீர்த்துவைக்க எந்தப் பதிவேடும் இருந்திருக்காது.

இதைச் சொல்வதால் ஒரே ஒரு பரீட்சையே போதும் என்று நான் வாதிடவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோது உயர்தரப் பரீட்சை நடுவிலேயே நின்றது. எஞ்சிய பாடங்கள் 2026 ஜனவரியில் நடந்தன. வெள்ளத்தில் வீடும் புத்தகமும் போன பிள்ளையும், எந்தப் பாதிப்பும் இல்லாத மாவட்டத்துப் பிள்ளையும் அதே வினாத்தாளுக்கு விடை எழுதினார்கள். பதின்மூன்று வருடப் படிப்பைச் சில மணித்தியாலங்களில் அளப்பதில் உள்ள அநீதியை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. மேலும், பேசும் திறன், பரிசோதனை செய்யும் திறன், ஒரு விடயத்தை வாரக்கணக்கில் ஆராய்ந்து எழுதும் திறன் எதையும் மூன்று மணி நேர வினாத்தாள் அளப்பதில்லை. பாடசாலைக் கணிப்பீடு தேவை. எந்த நிபந்தனையோடு என்பதே கேள்வி.

எமக்குத் தனிப்பட்ட சிக்கல்கள் சில இருக்கின்றன. தென் மாகாணத்திலோ குருநாகலிலோ, சிங்கள மொழிமூலப் பாடசாலைகள் நிறைந்த ஒரு வலயத்தில் தமிழ் மொழிமூல முஸ்லிம் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஒரு பாடசாலையின் கணிப்பீட்டை இன்னொரு பாடசாலையின் ஆசிரியர் பார்த்து ஒப்பிட வேண்டும் என்று சட்டம் வந்தால், தமிழ் மொழிமூலத்தில் விஞ்ஞானம் கற்பிக்கும் மற்றொருவரை அந்த வலயத்துக்குள் எங்கே தேடுவது? தமிழ் வாசிக்கத் தெரியாத அதிகாரி ஒருவர் கையெழுத்து மட்டும் வைத்துவிட்டுப் போவதே நடக்கும். அப்படியானால் மேற்பார்வை வலய எல்லையைத் தாண்ட வேண்டும். மாகாண எல்லையையும் தாண்ட வேண்டி வரலாம். ஒப்படைகளை ஸ்கேன் செய்து வேறு மாவட்டத்து ஆசிரியருக்கு அனுப்புவது இக்காலத்தில் பெரிய காரியமல்ல. ஆனால் யாராவது இப்போதே கேட்டால்தான் அது திட்டத்தில் இடம்பிடிக்கும்.

ரமழான் விடுமுறை இன்னொன்று. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நாட்காட்டி ஏனைய பாடசாலைகளிலிருந்து வேறுபட்டது. தவணைப் பரீட்சையைத் தனியாக நடத்திக்கொள்ளும் வரை அது பிரச்சினையல்ல. ஒவ்வொரு தொகுதியின் முடிவிலும் நாடளாவிய திகதியில் புள்ளி பதிவேற்ற வேண்டும் என்று வந்தால், ரமழான் வரும் தவணையில் எமது ஆசிரியர்கள் அவசர அவசரமாக முடிப்பார்கள், அல்லது நிரப்புவார்கள். ஆசிரியர் பற்றாக்குறை அதைவிடப் பெரியது. ஒரு தவணை முழுவதும் ஆங்கிலத்துக்கோ கணிதத்துக்கோ ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் கிழக்கிலும் மலையகத்திலும் புதுமையல்ல. மத்திய பரீட்சை என்றால் பிள்ளை எங்கேயாவது படித்து எழுதிவிடும். ஆசிரியரே இல்லாத பாடத்துக்குத் தொடர் கணிப்பீட்டை யார் செய்வது? நாடு முழுவதும் சுமார் 10,000 அரச பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாதவை. நான்கைந்து பிள்ளைகள் உள்ள வகுப்பில் சராசரிக்கு இழுத்து வரும் கணக்கு எதுவும் நம்பகமாக இயங்காது. ஒரு பிள்ளை பரீட்சைக்கு வராவிட்டாலே முழுக் கணக்கும் ஆடிப்போகும்.

(சமயப் பாடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இஸ்லாம் பாடத்துக்குப் பாடசாலைப் புள்ளி என்றால் நாட்டில் 95 இற்குக் குறைவாக எவரும் இருக்கமாட்டார்கள். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் தெரிந்ததே.)

என்னைக் கேட்டால், தொடக்க வருடங்களில் பாடசாலையின் பங்கு ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. புள்ளியைப் பச்சையாகக் கூட்டக் கூடாது. அந்த வருடப் பரீட்சையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். பாடசாலையின் கடந்தகாலப் பெறுபேறு எந்தக் கணக்கிலும் வரக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்புக்கே இடமில்லை. சிறிய வகுப்புகளுக்கு, அண்டைப் பாடசாலைகள் சிலவற்றை ஒரே குழுவாகச் சேர்த்து, பொதுவான ஒப்படைகளை வைத்து வரிசைப்படுத்தலாம். அப்படிச் சேர்த்தால் ஊர்ச் சொந்தபந்தத்தின் பிடியும் தளரும். பிள்ளையின் ஒப்படையை வேறு பாடசாலை ஆசிரியர் ஒருவர் பெயர் தெரியாமல் இரண்டாம் முறை பார்க்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் பாடசாலை அனுப்பும் இறுதிப் புள்ளி மாணவருக்குச் சொல்லப்படுவதில்லை. ஆனால் தனது நிலையை அறியவும், அது பிழையென்று கருதினால் மீளாய்வு கோரவும் உரிமை உண்டு. இங்கே அப்படியொரு மீளாய்வு, பெறுபேறு வெளியான பின் அல்ல, புள்ளி அனுப்பப்படும் முன்பே கிடைக்க வேண்டும். தனது பிள்ளைகளுக்கே பணத்துக்கு வகுப்பு எடுக்கும் ஆசிரியர், அந்தப் பிள்ளைகளின் கணிப்பீட்டில் கை வைக்கக் கூடாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

அரசாங்கத்திடம் கேட்பது ஒரு பக்கம். அளவையிலும் நிறுவையிலும் குறைவு செய்பவர்களைக் கண்டிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனை எமது குத்பாக்களில் வியாபாரிகளுக்கு மட்டுமே ஓதிக் காட்டுகிறோம். ஆசிரியரின் சிவப்புப் பேனாவும் ஒரு தராசுதான். அதற்குரிய அமானிதம் கடைக்காரனின் தராசைவிடக் குறைந்ததல்ல. அதைவிட முக்கியம், அந்தத் தராசை அழுத்த வருபவர்கள் யார் என்பது. புள்ளி கேட்டு ஆசிரியரின் வீட்டுக்குப் போகும் பெற்றோர், தொலைபேசியில் அதிபரை அழைக்கும் பிரமுகர், இடமாற்றம் பற்றி ஜாடையாகப் பேசும் அரசியல்வாதி. கணிப்பீட்டுப் புள்ளிக்கு உயிர் வரும் நாளிலிருந்து இவர்களின் நடமாட்டம் பன்மடங்காகும். நேர்மையான ஓர் ஆசிரியை, அவர் ஊரில் தனியாக வாடகைக்கு இருக்கும் இளம் ஆசிரியையாக இருந்தால், யார் அவருக்குத் துணை நிற்பது? பாடசாலை அபிவிருத்திச் சங்கமா? அந்தச் சங்கத்தில் இருப்பவர்கள்தானே கேட்டு வருபவர்களும்.

எமது ஊர்களில் ஓய்வுபெற்ற அதிபர்களும் சேவைக்கால ஆலோசகர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் பணியில் பல வருட அனுபவம் உள்ளவர்கள். பாடசாலைகளுக்கு இடையிலான ஒப்பீட்டுக் குழுக்களை, சட்டம் வரும் வரை காத்திராமல், இப்போதே ஒரு பரீட்சார்த்தமாகத் தொடங்கலாம். இரண்டு மூன்று பாடசாலைகள், ஒரே பாடம், ஒரே ஒப்படை. பெயரை மறைத்து, மற்றப் பாடசாலை ஆசிரியர்கள் புள்ளியிடட்டும். சொந்த ஆசிரியர் இட்ட புள்ளிக்கும் அந்நியர் இட்ட புள்ளிக்கும் இடையில் எவ்வளவு வித்தியாசம் வருகிறது, வரிசை எங்கே மாறுகிறது என்று பார்த்தாலே பாதி விடயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும். அந்தத் தரவைக் கையில் வைத்துக்கொண்டு கல்வியமைச்சிடமும் தேசிய கல்வி நிறுவகத்திடமும் பேசப் போனால், முஸ்லிம் பாராளுமன்ற உறுப்பினர்களின் அறிக்கைகளைவிட அது கனமாக இருக்கும்.

தரம் 6 மறுசீரமைப்பு ஒத்திவைக்கப்பட்டதால் எமக்குக் கிடைத்திருப்பது இந்த வருடத்தில் எஞ்சியுள்ள மாதங்கள் மட்டுமே. அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மதில் கட்டும் விடயத்துக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் இடையில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். எமது பாடசாலையில் கணிப்பீட்டுப் புள்ளி எப்படி இடப்படுகிறது, அந்தப் பதிவேட்டை யார் பார்க்கிறார், பிழையென்றால் யாரிடம் முறையிடுவது என்று அதிபரிடம் கேளுங்கள்.